தாவுவோர் முழங்கால்

பல்கலைக்கழக விளையாட்டு வீரர்களைத் துன்புறுத்தும் நோவுகளுள் முழங்கால் வலிக்கு முதலிடம் தரலாம். அவ்வலி இருவகையாய் வரும். விழுந்தோ, மோதியோ, திருகிக்கொண்டோ ஒரே நொடியில் வருவது ஒன்று. எந்த நாளில் தொடங்கிற்று என்று சொல்ல இயலாதபடி மெல்ல வந்து புகுந்து, பிறகு போக மறுப்பது மற்றொன்று. முன்னதற்கு அன்றைக்கே மருத்துவரிடம் ஓடுகிறோம். பின்னதைத் ‘தானே போய்விடும்’ என்று விட்டுவிடுகிறோம். இக்கட்டுரை பின்னதைப் பற்றியது.

அதன் போக்கு நம் விடுதிகளில் பலருக்கும் பழகியதே. கைப்பந்து ஆடும் மாணவன் ஒருவனை எண்ணிக்கொள்வோம். ஊரில் பள்ளிக் குழுவில் ஆடியவன். இங்கே பல்கலைக்கழகக் குழுவுக்கான தேர்வு முகாமில் நாள்தோறும் மூன்று மணி நேரம் தாவுகிறான். இரண்டாம் வாரத்தில் முழங்காற் சில்லுக்குக் கீழே ஓரிடத்தில் நோகிறது. தைலம் தேய்க்கிறான், அதற்கும் அடங்காமற் போகவே, மூன்று வாரம் ஓய்வு கொள்கிறான். வலி மறைகிறது. மகிழ்ச்சியோடு திடலுக்குத் திரும்புகிறான். நான்காம் நாள் வலியும் திரும்புகிறது. மீண்டும் ஓய்வு, மீண்டும் ஆட்டம், மீண்டும் வலி. இரண்டாம் ஆண்டு முடிவதற்குள் அவன் ஆட்டத்தை விட்டுப் பார்வையாளர் வரிசையில் உட்கார்ந்துவிடுகிறான். ‘படிக்கத்தானே அவ்வளவு தொலைவு போனாய்’ என்பார்களோ என்று அஞ்சி வீட்டாரிடமும் வாய் திறப்பதில்லை.

இத்தகைய மாணவன் விளையாட்டைக் கைவிட வேண்டியதில்லை. ஓய்வு வலியை அடக்குமே தவிர, காலைத் தாவுதற்குத் தகுதியுடையதாக ஆக்காது. அத்தகுதியைத் தருவது அளவறிந்து ஏற்றிய பளுவே. எவ்வாறு என்பதைக் காண, முதலில் முழங்காலின் அமைப்பைச் சற்று அறிந்துகொள்ள வேண்டும்.

தொடையின் முன்புறத்தில் நான்கு தசைகள் சேர்ந்த ஒரு பெருந்தசை உண்டு. அதை நாற்றலைத் தசை என்பர். அது கீழிறங்கி முழங்காற் சில்லைப் பற்றுகிறது. சில்லின் கீழ் முனையிலிருந்து உறுதியான நாண் ஒன்று புறப்பட்டுக் கீழ்க்கால் எலும்பின் மேற்பகுதியிலுள்ள மேட்டில் சென்று சேர்கிறது. கிணற்றில் நீர் இறைப்பதற்குக் கப்பி எப்படியோ அப்படியே காலை நீட்டுவதற்குச் சில்லு உதவுகிறது. கயிற்றை எலும்பிலிருந்து சற்றுத் தள்ளி நிறுத்தி, தசையின் இழுப்புக்கு வலிமை கூட்டுகிறது. கயிறாக நிற்பதே அந்த நாண். ‘நாண்’ என்ற சொல் நமக்கு வில்லை நினைவூட்டும். அது இங்கே பொருத்தமானதே. தாவியவன் தரையில் இறங்கும்போது அந்த நாண் சற்று நீண்டு ஆற்றலைச் சேர்த்துக்கொள்கிறது. மறுபடி எழும்பும்போது அவ்வாற்றலைத் திருப்பித் தருகிறது. இறங்கிய வேகத்திலேயே எழும்புகின்ற ஆட்டங்களில் அதன் வேலை மிகக் கடுமையானது.

ஆகவே இவ்வலி தாவுவோரையே அதிகம் நாடுகிறது. 1973இல் அமெரிக்க மருத்துவர்கள் இதற்குத் ‘தாவுவோர் முழங்கால்’ என்று பெயரிட்டனர். நார்வே நாட்டு உயர்நிலை வீரர்களை ஆராய்ந்து 2005இல் வெளியான ஆய்வொன்று, கைப்பந்து ஆடும் ஆடவருள் நூற்றுக்கு ஏறக்குறைய 45 பேருக்கும், கூடைப்பந்து ஆடுவோருள் 32 பேருக்கும் இவ்வலி இருப்பதாகக் கண்டது. மாணவர்களைப் பற்றிய கணக்கன்று அது. ஆயினும் கைப்பந்து ஆடும் ஒருவன் ‘எனக்கு மட்டும் ஏன் இப்படி’ என்று வருந்த இடமில்லை என்பதற்கு அதுவே போதும்.

முழங்காலின் முன்புறம் நோகும் எல்லாமே நாணின் வலி ஆகிவிடாது. சில்லுக்கும் தொடை எலும்புக்கும் இடையே உள்ள மூட்டில் தோன்றும் வலியும் உண்டு. ஓடுவோரிடத்தும் மிதிவண்டி ஓட்டுவோரிடத்தும் அதுவே மிகுதி. இரண்டையும் பிரித்தறிவது கடினமன்று. ‘எங்கே வலிக்கிறது?’ என்று கேட்டால், நாண் நோவுள்ளவன் ஒரு விரலை வைத்துச் சில்லின் கீழ் முனையைக் காட்டுவான்; சில்லு மூட்டு நோவுள்ளவன் உள்ளங்கையைச் சில்லின்மேல் பரப்பி ‘இங்கெல்லாம்’ என்பான். முன்னவனுக்கு ஆட்டத்தின் தொடக்கத்தில் வலித்து, உடம்பு சூடேறியபின் தணிந்து, மறுநாட் காலையில் வட்டியும் முதலுமாக வந்து சேரும். பின்னவனுக்கு ஓட ஓட ஏறும். மாடிப்படி இறங்கும்போதும், மூன்று மணி நேரச் சினிமாவில் காலை மடக்கி உட்கார்ந்திருக்கும்போதும் நோகும். மேனாட்டு மருத்துவ நூல்களிலும் இதனைக் கொட்டகை அடையாளம் என்றே கூறுவர் என்பது வேடிக்கையான செய்தி. நடக்கையில் சில்லு மூட்டின்மேல் விழும் அழுத்தம் உடல் எடையில் ஏறக்குறையப் பாதிதான். படியேறும்போது அது மூன்று மடங்குக்கு மேல் ஆகிறது. ஆழக் குந்தும்போது ஏழு மடங்கையும் எட்டும். தரையில் குந்தியே பழகிய நம்மவர்க்கு இக்கணக்கு நினைவில் இருப்பது நல்லது.

நாணுக்குள் நிகழ்வது யாது? முன்பு இதனை அழற்சி என்றே கருதினர். அழற்சியைத் தணிக்கும் மாத்திரைகளும் ஊசிகளும் அதனால்தான் பெருகின. பிற்காலத்தில் நுண்ணோக்கி கொண்டு பார்த்தபோது, அழற்சியைவிட இழைகளின் ஒழுங்குக் குலைவே அங்கு மேலோங்கியிருப்பது தெரிந்தது. நெருங்கி அடுக்கிய வைக்கோற் புரியில் ஓரிடத்தில் மட்டும் துரும்புகள் கலைந்து கிடந்தால் எப்படியோ, அப்படி. கலைந்த இடம் விரைவில் புதுப்பிக்கப்படும் என்றும் எதிர்பார்ப்பதற்கில்லை. இதற்குச் சான்று அணுகுண்டிலிருந்து கிடைத்தது! 1955 முதல் 1963 வரை வல்லரசுகள் வானவெளியில் வெடித்த குண்டுகளால் காற்றில் கரியம்-14 என்னும் கதிரியக்கப் பொருள் ஏறக்குறைய இரு மடங்காயிற்று. அது பயிர்வழி மனிதர் உடலிலும் புகுந்தது. அக்காலத்தில் உருவான திசுவில் அதன் அடையாளம் அழியாமல் இருக்கும். டென்மார்க்கு அறிஞர்கள் அவ்வடையாளத்தைக் குதிகால் நாணில் தேடி, 2013இல் முடிவை வெளியிட்டனர். நாணின் உட்பகுதி ஒருவர் வளர்ந்து முடியும் பதினேழு வயதளவில் உருவானதே. அதன்பின் அது ஏறக்குறையப் புதுப்பிக்கப்படுவதே இல்லை என்பது அம்முடிவு. தோலில் பட்ட கீறல் பத்து நாளில் ஆறுவதைப் பார்த்துப் பழகிய நாம், நாணும் அப்படியே ஆறும் என்று காத்திருப்பது வீண்.

எனினும் மனம் தளர வேண்டியதில்லை. கெட்ட இடத்தைச் சுற்றி நல்ல இழைகள் போதிய அளவு இருக்கின்றன. அவற்றைப் பயிற்சியால் உறுதிப்படுத்தினால் கெட்ட இடம் இருந்தும் நாண் தன் வேலையைச் செய்யும். ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் இதனை விளக்கத் தங்கள் நாட்டு வளைய வடிவப் பண்டத்தை உவமை காட்டினார்கள். நமக்கு உளுந்து வடை இருக்கிறது. நடுவிலுள்ள துளையை அடைக்க முயலாதே, சுற்றியுள்ள வடையைக் கவனி என்பது அவர்கள் கூறும் வழி. வலி நீங்கி ஆட்டத்துக்குத் திரும்பிய பலருடைய நாணில், படம் எடுத்துப் பார்த்தால் பழைய குறை அப்படியே தெரிவதும் உண்டு. அதைக் கண்டு அஞ்சுவது வேண்டாத வேலை.

இனி ஓய்வு ஏன் தோற்கிறது என்பது விளங்கும். மூன்று வார ஓய்வில் தொடைத் தசை மெலிகிறது. இழுப்புக்குப் பழகாத நாணின் தாங்கும் அளவும் குறைகிறது. ஆட்டமோ குறையவில்லை. முன்பு நூறு தாவலைத் தாங்கியது இப்பொழுது அறுபதுக்கே இளைத்து நிற்க, நாம் முதல் நாளே நூறு தாவலை அதன்மேல் ஏற்றுகிறோம். வலி வராமல் இருந்தால்தான் வியப்பு.

பளுவால் கால்களைத் தேற்றும் கலை இன்று தோன்றியதன்று. இரண்டாம் உலகப் போரின்போது சிகாகோவில் இருந்த கார்டினர் இராணுவ மருத்துவமனையில் தாமஸ் டிலோர்ம் என்னும் இளம் மருத்துவர் பணியாற்றினார். இளமையில் வாதக் காய்ச்சலால் படுக்கையில் கிடந்து, பின்பு எடை தூக்கியே உடம்பைத் தேற்றிக்கொண்டவர் அவர். முழங்காலில் காயமுற்ற போர்வீரர்கள் அங்கே மாதக்கணக்கில் தேறாமல் கிடந்தனர். சிறு எடையைப் பலமுறை தூக்கச் செய்வதே அன்றைய வழக்கம். டிலோர்ம் அதனை மாற்றினார்: எடை மிகுதியாக இருக்கட்டும், தடவை குறைவாக இருக்கட்டும், வாரந்தோறும் எடை ஏறட்டும் என்றார். இரும்புக் காலணிகளில் எடைத் தகடுகளைக் கோத்துக் காலை நீட்டச் செய்தார். 1945இல் அவர் எழுதிய கட்டுரை, பயிற்சி மருத்துவத்தின் போக்கையே திருப்பிவிட்டது. 1948இல் பத்துப் பத்துத் தடவையாக மூன்று சுற்று என்று அவரும் அவர் துணைவரும் வகுத்த முறையை, இன்றும் உடற்பயிற்சிக் கூடங்களில் அவர் பெயரறியாமலே எல்லோரும் பின்பற்றுகின்றனர்.

டிலோர்ம் தேற்றியது தசையை. நோவுற்ற நாணின்மேல் துணிந்து பளு ஏற்றலாம் என்னும் எண்ணம் பரவ மேலும் பல ஆண்டுகள் சென்றன. 1998இல் சுவீடனைச் சேர்ந்த ஆல்ஃப்ரெட்சன் என்பார், குதிகால் நாண் நோவுள்ளவர்களைப் பன்னிரண்டு வாரம் எடையோடு குதிகாலை இறக்கச் செய்து நல்ல பயன் கண்டார். அம்முறை விரைவில் முழங்காலுக்கும் வந்தது. 25 பாகை சரிந்த பலகைமேல் ஒற்றைக் காலில் நின்று மெல்ல மடங்கினால், பளு நாணின்மேலேயே விழுகிறது என்று கண்டனர். 2006இல் நார்வே ஆய்வாளர்கள் 40 முழங்கால்களில் பாதிக்கு அறுவை மருத்துவமும் பாதிக்கு இப்பயிற்சியும் தந்து ஓராண்டுக்குப் பின் ஒப்பிட்டபோது, அறுவை எவ்வகையிலும் மேம்பட்டதாகத் தெரியவில்லை. 2009இல் டென்மார்க்கில் ஊசி மருந்து, சரிவுப் பலகைப் பயிற்சி, மெதுவான பெரும்பளுப் பயிற்சி ஆகிய மூன்றையும் ஒப்பிட்டனர். பன்னிரண்டாம் வாரத்தில் ஊசி போட்டுக்கொண்டவர்களும் நலமாகவே இருந்தார்கள். அரையாண்டில் அந்த நலம் நழுவிவிட்டது. பெரும்பளுப் பயிற்சியின் பயனோ நிலைத்தது. போட்டிக்கு முதல் வாரம் ‘ஒரு ஊசி போட்டுக்கொண்டு ஆடிவிடலாம்’ என்று நினைப்போர் இவ்வாய்வை இருமுறை படிக்க வேண்டும். அண்மையில் 2021இல் நெதர்லாந்தில் 76 வீரர்களிடம் நடந்த ஆய்வு மற்றொன்றைக் காட்டிற்று: தொடக்கத்திலேயே வலிக்க வலிக்கச் சரிவுப் பலகையில் மடங்குவதைவிட, வலி பொறுக்கும் அளவில் தொடங்கிப் படிப்படியாகப் பளுவைக் கூட்டுவோர் 24 வாரத்தில் அதிகம் தேறினர். இன்று நாம் பின்பற்றத்தக்கது அப்படிமுறையே.

முதற்படியில் கால் அசைவதில்லை. சுவரில் முதுகைச் சாய்த்து, நாற்காலியில் பாதி உட்கார்ந்தாற்போல் நின்று, 45 வினாடி அப்படியே தாங்க வேண்டும். இரண்டு நிமிடம் இளைப்பாறி மறுபடியும் நிற்க வேண்டும்; இப்படி ஐந்து முறை. வலுவுள்ளவனுக்கு இரு காலில் நிற்பது எளிதாகிவிடும். அவன் எடையை ஒரே காலுக்கு மாற்றிக்கொள்ளலாம். இதை நாள்தோறும் செய்யலாம். சிலருக்கு இதனாலேயே சிறிது நேரம் வலி தணிகிறது. சிலருக்கு அப்படி ஒன்றும் தெரிவதில்லை. தணியாவிட்டாலும் குற்றமில்லை, நாணுக்கு வேலை கிடைத்துவிட்டது.

இரண்டாம் படியே இம்மருத்துவத்தின் உயிர். வடநாட்டார் பைட்டக் என்று சொல்வதை நம் ஊரில் பஸ்கி என்பர். அதைத்தான் செய்யப் போகிறோம். ஆனால் பழைய பயில்வான்களைப்போல் நூறு இருநூறு என்று விரைந்து அன்று. இறங்க மூன்று வினாடி, எழ மூன்று வினாடி. ஒருநாள் விட்டு ஒருநாள், நான்கு சுற்று. பதினைந்து தடவைக்குமேல் இயலாது என்னும்படியான பளுவோடு தொடங்கி, வாரங்கள் செல்லச் செல்லத் தடவையைக் குறைத்துப் பளுவைக் கூட்டி, ஆறு தடவைக்குமேல் இயலாத பளுவுக்கு வந்து சேர வேண்டும். கூடத்தில் பளுப் பொறிகள் இருந்தால் நல்லது. இல்லையேல் விடுதியே போதும். படிக்கட்டின் விளிம்பில் ஒற்றைக் காலில் நின்று, மற்றக் காலைக் கீழ்ப்படிக்கு மெல்ல இறக்கி எழலாம். முதுகுப் பையில் புத்தகங்களை அடுக்கிக்கொள்ளலாம். ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ என்பதால் தண்ணீர்ப் புட்டிகள் கணக்குக்கு இன்னும் வசதி. கால் நோகாத பக்கத்துக்கும் இதே பயிற்சி வேண்டும். அவசரமாக நூறு தோப்புக்கரணம் போடுவதைவிட, பளுவோடு மெல்ல இறங்கிய ஆறு பஸ்கி நாணுக்கு அதிகம் பயன் தரும் என்றால் நம் நண்பர்கள் எளிதில் நம்புவதில்லை. விரைவில் செய்தால் வியர்க்கிறது. வியர்த்தால்தான் பயிற்சி என்பது அவர்கள் எண்ணம். நாணுக்கு வியர்வை தெரியாது. இழுப்பின் அளவும் அது நீடிக்கும் நேரமுமே தெரியும்.

இங்கே எல்லோரும் கேட்கும் வினா ஒன்றுண்டு: வலித்தால் நிறுத்த வேண்டாமா? வலியே இல்லாமை 0, தாங்கவே முடியாத வலி 10 என்று வைத்துக்கொண்டால், பயிற்சியின்போது 3 வரை வலிப்பதைப் பொறுத்துக்கொள்ளலாம். ஆனால் தீர்ப்பு அன்றைக்குக் கிடைப்பதில்லை. மறுநாட் காலையில் எழுந்து பல் துலக்குமுன், ஒற்றைக் காலில் நின்று ஒருமுறை மடங்கிப் பார்க்க வேண்டும். நேற்றுக் காலை இருந்த அளவே வலித்தால் நேற்று ஏற்றிய பளு சரியானது. கூடி வலித்தால் பளு மிகுந்துவிட்டது; அடுத்த முறை குறைக்க வேண்டும். ஒரு சிறு குறிப்பேட்டில் நாள்தோறும் அந்த எண்ணை எழுதி வைப்பது, எத்தனை கட்டுப் பட்டையும் தைலமும் வாங்குவதைவிட உதவும். பட்டை கட்டுவது ஆட்டத்தின்போது வலியைச் சற்றுக் குறைக்கலாம். அதை மருத்துவம் என்று எண்ணிவிடக் கூடாது. குளிர்காலக் காலைகளில் மூட்டு விறைத்திருப்பது இயல்பு. அந்நாட்களில் சோதனைக்குமுன் சில அடி நடந்துகொள்ளலாம்.

இப்படிகள் நடக்கும்போது ஆட்டத்தை அறவே விட வேண்டுமா என்றால், வேண்டியதில்லை. தாவலைக் குறைத்தால் போதும். கைப்பந்து வீரன் எதிரணியைத் தடுக்கும் தாவல்களை விட்டுப் பந்தெடுத்துக் கொடுக்கும் பயிற்சியில் நிற்கலாம். மிதிவண்டி ஓட்டலாம், நீந்தலாம். நாணை நோகச் செய்தது பெரும்பாலும் முகாமின் முதல் வாரத்தில் திடீரென ஏறிய தாவற் கணக்குத்தான். பயிற்சியாளர்கள் பந்தை எண்ணுகிறார்கள், புள்ளியை எண்ணுகிறார்கள். தாவலை எண்ணுவோர் அரியர்.

பெரும்பளுவை வலி ஏறாமல் தாங்கும் நிலை வந்தபின் மூன்றாம் படி. இங்கேதான் நாண் மறுபடியும் வில்லின் நாணாகப் பழகுகிறது. முதலில் இரு காலில் சிறு குதிப்பு, கயிறு தாண்டல். பிறகு தாழ்ந்த படியிலிருந்து குதித்தல். பிறகு ஒற்றைக் கால். இதனை இரண்டு நாள் இடைவெளி விட்டே செய்ய வேண்டும். இப்படியைத் தாண்டிக் குதித்து நேரே ஆட்டத்துக்குப் போனவர்களே மறுபடியும் நோவோடு வந்து நிற்பவர்கள். பளுவைத் தாங்குவது வேறு, விரைவைத் தாங்குவது வேறு. நான்காம் படியில் திடலுக்குச் சென்று அவ்வவ் ஆட்டத்தின் அசைவுகளைச் செய்யலாம்: இன்று இருபது தாவல், மூன்றாம் நாள் முப்பது என எண்ணி எண்ணி.

சில்லு மூட்டு நோவுக்கும் வழி ஏறக்குறைய இதுவே. இரண்டு வேறுபாடுகள் உண்டு. ஆழக் குந்துவதைத் தொடக்கத்தில் தவிர்த்து, வலிக்காத கோணத்துக்குள் மட்டும் மடங்க வேண்டும். அத்துடன் இடுப்புத் தசைகளுக்கும் பயிற்சி தர வேண்டும். முழங்காலில் நோவிருக்க இடுப்பை ஏன் தொட வேண்டும் என்று தோன்றலாம். இடுப்பு தளர்ந்தால் ஓடும்போது தொடை உள்நோக்கிச் சாய்கிறது. சில்லு தன் பள்ளத்தில் நேராக ஓட இயலாமல் ஒரு பக்கம் உரசுகிறது. ஒருக்களித்துப் படுத்து மேற்காலைத் தூக்குதல், மல்லாந்து காலை மடக்கி இடுப்பை உயர்த்துதல் ஆகியவை போதுமான தொடக்கம். பெண்களிடம் இந்நோவு மிகுதியாகக் காணப்படுவதால் நம் மாணவியர் இதை நினைவிற் கொள்க.

பயிற்சியை விட்டு முதலில் மருத்துவரை நாட வேண்டிய வேளைகளும் உண்டு. முழங்கால் வீங்கினால், மடக்கிய கால் நீட்ட வராமல் பூட்டிக்கொண்டால், நடக்கையில் திடீரென மடிந்து வாரிவிட்டால், ‘டொப்’ என்ற ஒலியோடு வலி வந்தால், இரவில் ஓய்விலும் நொந்தால், காய்ச்சல் சேர்ந்தால், இங்குக் கூறிய எதுவும் பொருந்தாது. வளரும் வயதுச் சிறுவர்க்கு இடுப்பு மூட்டிலுள்ள நோய்கூட முழங்கால் வலியாகத் தோன்றும். ஊரில் தம்பி தங்கையர்க்கு இவ்வலி கண்டால் இங்கிருந்து தொலைபேசியில் பயிற்சி சொல்லிக் கொடுக்க வேண்டாம்.

எத்தனை நாளாகும்? மூன்று மாதத்துக்குள் நல்ல மாற்றம் தெரியும் என்று எதிர்பார்க்கலாம். முழு ஆட்டத்துக்குத் திரும்ப ஆறு மாதமோ அதற்கு மேலோ ஆகலாம். நெதர்லாந்து ஆய்வில் 24 வாரம் முடிந்தும் பாதிப் பேருக்கு மேல் பழைய நிலையில் ஆடத் தொடங்கவில்லை. ஆகவே குளிர்காலப் போட்டிகளில் ஆட விரும்புவோன் கோடை விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போதே பயிற்சியைத் தொடங்கிவிட வேண்டும். விடுமுறை முழுவதும் காலை நீட்டிப் படுத்திருந்துவிட்டு, திரும்பியதும் முகாமில் சேர்வதுதான் கதையைப் பழைய இடத்திலேயே தொடங்கி வைப்பது. ஆட்டம் தொடங்கிய பிறகும் வாரத்துக்கு இரண்டு நாள் அந்தப் பெரும்பளுப் பஸ்கியை விடக்கூடாது. போட்டி நாளுக்கு முதல் நாள் மட்டும் வேண்டாம். மற்ற நாட்களில், பயிற்சி முடிந்து எல்லோரும் தேநீர்க் கடைக்குப் போகும்போது, கால் மணி நேரம் பின்தங்கிப் போனால் போதும்.